வீட்டில் ஒருவருக்கு டிபி: மற்றவர்களில் யாரை, எப்போது, எப்படிப் பார்க்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் வியாசர்பாடியில் இருக்கிறார். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை உள்ள வீடு. 64 வயது மாமனாருக்கு இரண்டு மாதமாக இருமல். சளிப் பரிசோதனையில் டிபி என்று தெரிந்து, மாத்திரை தொடங்கி ஐந்து நாள் ஆகிறது. வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படும் வகைதான் என்று சீட்டில் இருக்கிறதாம். அவர் அண்ணா நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவு செக்யூரிட்டி. வீட்டில் சர்க்கரை நோயுள்ள மாமியார், கணவர், பத்து வயது மகன், மூன்று வயது மகள். யாருக்கும் இருமல் இல்லை. சுகாதார நிலையத்திலிருந்து வந்த பெண் எல்லோரும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றும், சின்னவளுக்கு ஆறு மாதம் மாத்திரை என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கேள்வி கேட்டவருடைய அண்ணனோ, நோயே இல்லாத பிள்ளைக்கு எதற்கு மாத்திரை என்கிறார். ரத்தப் பரிசோதனை ஒன்று போதும், எல்லாம் தெரிந்துவிடும் என்று பக்கத்து லேபில் சொல்கிறார்கள். தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா என்பது கடைசிக் கேள்வி.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்னவளை நாளைக்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள். மற்ற நான்கு பேரும் இருமல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். லேப் சொல்லும் ரத்தப் பரிசோதனைக்கு இப்போது காசைக் கொட்ட வேண்டாம். தட்டு, டம்ளரைப் பிரிக்கத் தேவையே இல்லை. இனி ஒவ்வொன்றும் ஏன் என்று பார்ப்போம். நான் டாக்டர் இல்லை. டிபி பிரிவில் வீடு வீடாகப் போகிற வேலையில் 22 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். மருந்தின் அளவை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் ஒரு வீட்டில் யார் கணக்கில் விட்டுப்போவார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

பரிசோதனை என்றதும் ஊசி, எக்ஸ்ரே, ரத்தம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றுகிறது. எங்கள் வேலையில் அதெல்லாம் இரண்டாவது படி. முதல் படிக்கு ஒரு பேனாவும் ஒரு தாளும் போதும். மாமனாருக்கு மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் பின்னோக்கிப் போங்கள். அந்த மூன்று மாதத்தில் அவரோடு ஒரே கூரையின் கீழ் ஓர் இரவாவது படுத்தவர்கள், பகலில் அடிக்கடியோ நெடுநேரமோ ஒரே அடைத்த இடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பட்டியலில் வர வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில் நானும் “வீட்டில் எத்தனை பேர்?” என்றுதான் கேட்பேன். ரேஷன் கார்டில் உள்ள எண்ணிக்கையைச் சொல்வார்கள். கார்டில் பெயர் இல்லாத மருமகள், ஊரிலிருந்து வேலை தேடி வந்து ஆறு மாதமாகத் தங்கியிருக்கும் தம்பி, கட்டிக்கொடுத்த பெண் பிரசவத்துக்கு வந்திருப்பது, இதெல்லாம் அந்த எண்ணில் வராது. அப்புறம் கேள்வியை மாற்றிக்கொண்டேன்: “ராத்திரி எத்தனை பாய் விரிக்கிறீர்கள்?” அதற்குச் சரியான பதில் வரும்.

அதிலும் ஒரு முறை கோட்டைவிட்டேன். புளியந்தோப்பில் டிபி வந்த 26 வயதுப் பெண் ஒருவர். வீட்டில் நான்கு பேர், நான்கு பேரையும் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. கோப்பை மூடிவிட்டேன். வேறு வேலையாக ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு அந்தத் தெருவில் போனபோது அவர் வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. எல்லாம் சின்னச் சின்னச் செருப்புகள், எண்ணிப் பார்த்தால் ஒன்பது ஜோடி. உள்ளே எட்டிப் பார்த்தேன். பத்துக்குப் பத்து அறை. இருக்கிற ஒரே ஜன்னலையும் கொசுவுக்காக அடைத்துவிட்டு டியூஷன் நடந்துகொண்டிருந்தது. நோய் தெரிவதற்கு முன்னால் மூன்று மாதமும் அவர் தினமும் இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து இருமியிருக்கிறார். மறைக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. நான் வீட்டில் இருப்பவர்களைத்தான் கேட்டேன், அவரும் அதைத்தான் சொன்னார். ஒன்பது பேரில் ஆறு வயதுப் பெண் ஒருத்திக்கு எடை ஏறாமல் இருந்தது. எக்ஸ்ரேயில் நிழல் விழுந்திருந்தது. நல்லவேளையாக மருந்தில் குணமாகிவிட்டாள். அந்தச் செருப்புகளை நான் பார்க்காமல் போயிருந்தால் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

ஆகவே உங்கள் பட்டியலில் ஐந்து பேரோடு நிறுத்தாதீர்கள். இந்த மூன்று மாதத்தில் விசேஷம் ஏதாவது வந்ததா, யாராவது வந்து தங்கினார்களா, தாத்தா யார் வீட்டிலாவது போய் இருந்தாரா என்று மாமியாரோடு உட்கார்ந்து யோசியுங்கள். செக்யூரிட்டி அறையையும் மறக்காதீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சரி, அண்ணனின் கேள்வி. அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. டிபி கிருமி உடம்புக்குள் போவது ஒன்று, டிபி நோய் வருவது இன்னொன்று. கிருமி காற்று வழியாக நுரையீரலுக்குள் போனாலும் பெரும்பாலானவர்களுக்கு உடம்பே அதைச் சுற்றி வளைத்து அடக்கி வைத்துவிடும். அப்படி இருப்பவருக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, அவரிடமிருந்து யாருக்கும் பரவவும் செய்யாது. உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்த நிலையில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. நம் நாட்டில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 31 சதவீதம் பேருக்குக் கிருமி பட்டிருந்தது. இப்படிக் கிருமி உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது நோயாக மாறும். கிருமி நுழைந்த முதல் இரண்டு ஆண்டுகளில்தான் அந்த ஆபத்து மிக அதிகம். உங்கள் வீடு இப்போது நிற்பது அந்த இரண்டு ஆண்டின் தொடக்கத்தில்.

குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஐந்து வயதுக்குக் கீழே உடம்பு இன்னும் அப்படி வளைத்துக் கட்டப் பழகவில்லை. வயது குறையக் குறைய ஆபத்து ஏறும். கிருமி பட்டால் சில வாரங்களிலோ மாதங்களிலோ நோயாகிவிடலாம், மூளைக்காய்ச்சலாகவும் போகலாம். பிறந்தபோது பிசிஜி தடுப்பூசி போட்டோமே என்பீர்கள். பிசிஜி அந்த மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வகைகளிலிருந்து குழந்தையை ஓரளவு காக்கும், அதற்காகத்தான் போடுகிறோம். வீட்டுக்குள்ளேயே தாத்தா இரண்டு மாதம் இருமிக்கொண்டிருந்தால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. பெரியவர்களின் நுரையீரல் டிபியை பிசிஜி தடுக்கவில்லை என்பதும் நம் பக்கத்தில், அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில், 1968ல் தொடங்கி 15 ஆண்டு தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வில் தெரியவந்ததுதான்.

ஆக, சுகாதார நிலையத்திலிருந்து வந்த பெண் சொன்ன மாத்திரை நோய்க்கான மருந்து இல்லை, உள்ளே போயிருக்கக்கூடிய கிருமி நோயாகாமல் தடுப்பதற்கான மருந்து. பெரும்பாலும் ஐசோனியசிட் என்ற ஒரே மாத்திரை, எடைக்கு ஏற்ற அளவில் தினமும், ஆறு மாதம். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் ஒன்றை உறுதி செய்தாக வேண்டும்: அவளுக்கு இப்போது நோய் இல்லை என்பதை. நோய் இருக்கும்போது இந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும். பிறகு முழுச் சிகிச்சை கொடுக்கும்போது அந்த மருந்து வேலை செய்யாது. “நீங்களே மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போங்கள் சார், எதற்கு அலைவது” என்று என்னிடம் கெஞ்சியவர்கள் நிறைய. நான் கொடுக்காததற்குக் காரணம் இதுதான். டாக்டர் பார்த்து, எடை பார்த்து, தேவைப்பட்டால் எக்ஸ்ரேயும் பார்த்த பிறகுதான் முதல் மாத்திரை.

சின்னவளிடம் என்ன பார்ப்பார்கள்? இருமலும் காய்ச்சலும் இருக்கிறதா என்று கேட்பார்கள். அதைவிட முக்கியமானது எடை. தடுப்பூசி அட்டையில் எடை எழுதியிருந்தால் கட்டாயம் கொண்டுபோங்கள். கடந்த சில மாதத்தில் எடை ஏறாமல் நின்றுவிட்டதா, விளையாட்டு குறைந்து மடியிலேயே சாய்ந்து கிடக்கிறாளா, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்பதெல்லாம் மூன்று வயதுக் குழந்தையிடம் இருமலைவிடப் பெரிய தடயங்கள். சந்தேகம் வந்தால் சளி எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த வயதில் காறித் துப்பத் தெரியாது, முழுங்கிவிடும். அதனால் காலையில் வெறும் வயிற்றில் மெல்லிய குழாய் விட்டு இரைப்பையிலிருந்து எடுப்பார்கள். பார்க்கவே பாவமாக இருக்கும், ஆனால் ஐந்து நிமிட வேலை. டாக்டர் கேட்டால் மறுக்காதீர்கள். சந்தேகம் எதுவும் இல்லை என்றால் ஊசிப் பரிசோதனைக்குக்கூடக் காத்திருக்காமல் தடுப்பு மாத்திரையைத் தொடங்கிவிடலாம். ஐந்து வயதுக்குள் விதிமுறையே அப்படித்தான்.

இப்போது பெரியவர்கள். “யாருக்கும் இருமல் இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல செய்திதான், ஆனால் அதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது. மேலே சொன்ன அதே தேசியக் கணக்கெடுப்பில், டிபி உறுதியானவர்களில் 42.6 சதவீதம் பேர் எந்தத் தொந்தரவும் இல்லை என்று சொன்னவர்கள். எக்ஸ்ரே எடுத்ததால்தான் பிடிபட்டார்கள். அதாவது இருமலை மட்டும் கேட்டுவிட்டுப் போயிருந்தால் பத்தில் நான்கு பேரை விட்டிருப்போம். அதனால்தான் காண்டாக்ட், அதாவது நோயாளியோடு நெருங்கி இருந்தவர், என்று வந்துவிட்டால் எக்ஸ்ரே கேட்கிறோம். நம் போன்ற நாடுகளில் டிபி நோயாளியின் வீட்டாரை முறையாகப் பார்த்தால் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் அப்போதே நோயோடு இருப்பது தெரியவருகிறது. உங்கள் வீட்டில் இல்லாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இருந்தால் இப்போதே தெரிவது நல்லது.

கேள்விகளும் கேட்பார்கள்: இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவில் பாய் நனைகிற மாதிரி வியர்வை. மற்றவர்களுக்கு இரண்டு வார இருமல் என்பது கணக்கு. டிபி வீட்டில் இருப்பவருக்கு ஒரு நாள் இருமல் இருந்தாலும் சொல்லலாம். இதில் ஆண்கள் செய்கிற ஒரு காரியம், “சிகரெட் இருமல்தான்” என்று தள்ளிவிடுவது. உங்கள் கணவர் புகைப்பவராக இருந்தால் அவரிடம் இரண்டு முறை கேளுங்கள். பெண்கள் செய்வது வேறு. எடை குறைந்ததை நல்ல விஷயமாக எடுத்துக்கொள்வார்கள்.

எக்ஸ்ரேக்கு நகர்ப்புற சுகாதார நிலையத்தில் கேட்டால் எங்கே எடுக்கலாம் என்று சொல்வார்கள், சில நாட்களில் எக்ஸ்ரே வண்டியே தெருவுக்கு வரும். காசு வாங்க மாட்டார்கள். கழுத்தில் இருப்பதைக் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்ற மாட்டேன் என்று வரிசையிலிருந்து திரும்பிப் போன பெண்களைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் கயிறு மட்டும் என்றால் படத்தில் பெரிதாகத் தெரியாது. பொன் உருக்களும் சங்கிலியும்தான் நிழல் விழுத்தும். கழற்ற மனமில்லை என்றால் மேலே தூக்கி வாயில் கவ்விக்கொள்ளச் சொல்வார்கள். எத்தனையோ மாமிகள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள், எதுவும் ஆகவில்லை. நீங்கள் கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எக்ஸ்ரேயில் ஏதாவது தெரிந்தாலோ, இருமல் போன்ற அறிகுறி இருந்தாலோ சளி கேட்பார்கள். இங்கேதான் நிறைய டப்பாக்கள் வீணாகின்றன. எச்சிலையும் நுரையையும் துப்பிக் கொடுத்தால் உள்ளே கிருமி இருந்தாலும் இல்லை என்றுதான் வரும். காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போங்கள். வீட்டுக்குள், குழந்தை பக்கத்தில் வைத்துச் செய்ய வேண்டாம். இரண்டு மூன்று முறை மூச்சை நன்றாக இழுத்து விட்டு, நெஞ்சிலிருந்து இருமி வருவதை டப்பாவில் துப்ப வேண்டும். கெட்டியாக, கொழகொழவென்று ஒரு சின்னக் கரண்டி அளவு வந்தால் போதும். அதை சிபிநாட் அல்லது ட்ரூநாட் கருவியில் போட்டால் கிருமி இருக்கிறதா, டிபிக்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் அதற்கு வேலை செய்யுமா என்ற இரண்டும் ஒன்றிரண்டு மணி நேர ஓட்டத்தில் தெரிந்துவிடும்.

ரத்தப் பரிசோதனைக்கு வருவோம். லேபில் எதைச் சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டில் ஒன்றாக இருக்கும். ஐஜிஜி, ஐஜிஎம் என்று டிபிக்குப் பார்க்கும் எதிர்ப்பொருள் பரிசோதனை என்றால், அது நம்பத்தகாதது என்று 2012லேயே அரசு தடை செய்துவிட்டது. யாராவது இன்னும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று இக்ரா என்பது, குவாண்டிஃபெரான் என்ற பெயரிலும் சொல்வார்கள். அது நல்ல பரிசோதனைதான். ஆனால் கிருமி உடம்பில் பட்டிருக்கிறதா என்பதை மட்டும்தான் அது சொல்லும், நோய் இருக்கிறதா என்று சொல்லாது. பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கிருமி பட்டிருக்கிற நாட்டில் ‘பாசிட்டிவ்’ என்ற ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு வந்து இரண்டு நாள் தூங்காமல் இருப்பதுதான் மிச்சம். எக்ஸ்ரேக்குப் பதிலாக அதை எடுக்கக் கூடாது. எக்ஸ்ரே சரியாக இருந்து, தடுப்பு மாத்திரை யாருக்கு என்று முடிவெடுக்கும்போது அது உதவும். அப்போதும் அந்த வசதி இல்லை என்பதற்காக மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதுதான் அரசு டிபி திட்டத்தின் நிலைப்பாடு.

அதே வேலையைச் செய்யும் பழைய முறை கையில் போடும் மாண்டூ ஊசி. முழங்கைக்குக் கீழே உள்பக்கத்தில், தோலுக்குள் மட்டும், கொசுக்கடி மாதிரி சின்னதாக எழும்புகிற அளவுக்குப் போடுவார்கள். 48 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் திரும்பிப் போய்க் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் போட்டுக்கொண்டு திங்கள்கிழமை சாயங்காலம் போனால் வீண். சிவந்திருக்கிறதே என்று பயந்துவிடுவார்கள், சிவப்புக்குக் கணக்கே இல்லை. பால்பாயிண்ட் பேனாவை ஓரத்திலிருந்து மெதுவாக நடுப்பக்கம் நகர்த்தினால் தடிப்பு தொடங்கும் இடத்தில் பேனா முட்டி நிற்கும். இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு, நடுவில் ஸ்கேல். பொதுவாகப் பத்து மில்லிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் பாசிட்டிவ். இதில் பிசிஜி போட்டவர்களுக்குச் சில நேரம் குழப்பம் வரும். இப்போது வந்திருக்கும் சைடிபி என்ற புதிய ஊசியில் அந்தக் குழப்பம் இல்லை, அதில் ஐந்து மில்லிமீட்டரே போதும். எந்தப் பரிசோதனையானாலும் ஒன்று: கிருமி நுழைந்து எட்டு வாரம் வரை உடம்பு காட்டிக்கொடுக்காமல் இருக்கலாம். முதலில் நெகட்டிவ் வந்ததை வைத்துக் கோப்பை மூடிவிடக் கூடாது.

பத்து வயதுப் பையனுக்கும் பெரியவர்களுக்கும் இப்போது தடுப்பு மாத்திரை உண்டு. முன்பெல்லாம் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கும் எச்ஐவி உள்ளவர்களுக்கும் மட்டும்தான் கொடுத்தோம். 2021 வழிகாட்டுதலில் வீட்டார் எல்லோரையும் சேர்த்தார்கள். ஐசோனியசிட் ஆறு மாதம், இல்லையென்றால் ஐசோனியசிட்டும் ரிஃபாபென்டினும் சேர்ந்து வாரம் ஒரு முறை, 12 வாரம். இரண்டாவது கிடைத்தால் பலருக்கும் அது சுலபம். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலோடு சேர்த்து வைத்துக்கொண்டார், வீட்டில் ஒருவருக்கும் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. அதைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம். கருத்தடை மாத்திரை எடுப்பவரானால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதன் வேலையை இது கெடுத்துவிடும். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கூட்டு மாத்திரை கொடுப்பதில்லை.

பயப்பட வேண்டியது கல்லீரலுக்கு. சாப்பாடு பிடிக்காமல் போவது, தொடர்ந்து வாந்தி, கண் மஞ்சள், சிறுநீர் கட்டங்காப்பி நிறம் என்று எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே போங்கள். குடிக்கிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மனைவி பக்கத்தில் இருந்தால் சொல்ல மாட்டார்கள் என்பதால் நான் இந்தக் கேள்வியை எப்போதும் வாசலில் வைத்துத்தான் கேட்பேன். கால் மரத்துப்போவதும் எரிவதும் இன்னொரு தொந்தரவு. அதற்குத்தான் கூடவே பைரிடாக்சின் என்ற வைட்டமின் மாத்திரை தருகிறார்கள். உங்கள் மாமியாருக்கு ஏற்கனவே சர்க்கரையால் கால் எரிச்சல் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

மாமியாரைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். சின்னவளுக்கு அடுத்தபடியாக எனக்குக் கவலை அவர்தான். சர்க்கரை இருப்பவருக்கு டிபி வரும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. இரண்டு மாதம் அவர்தான் மாமனாருக்குப் பக்கத்தில் படுத்திருப்பார், இரவில் எழுந்து வெந்நீர் வைத்துக் கொடுத்திருப்பார். ஆனால் எக்ஸ்ரேக்குக் கடைசியாக வருவதும் அவர்தான். எல்லோரையும் அனுப்பிவிட்டு “எனக்கென்ன, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்” என்று சமையலறையில் நின்றுவிடுவார். எந்த வீட்டிலும் இது நடக்கும். அவரை முதல் ஆளாகக் கூட்டிப்போங்கள். அங்கேயே சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளலாம். மாமனாருக்கும் சர்க்கரை பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தட்டு, டம்ளர். டிபி காற்றில்தான் பரவும். இருமும்போது வரும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் அடைத்த அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். எச்சில் தட்டில், துண்டில், போர்வையில் பரவாது. தட்டைப் பிரிப்பதால் பெரியவர் மனம் உடைவது மட்டும்தான் நடக்கும். அதற்குப் பதில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். கூடத்தில் எதிரெதிராக இரண்டு பக்கம் திறந்து காற்று ஓடினால் அதுவே பாதி மருந்து. ஏசி போட்டு அடைப்பதுதான் மோசம். முதல் சில வாரம் அவர் காற்றோட்டமான இடத்தில் தனியாகப் படுக்கட்டும், குழந்தையோடு இருக்கும்போது மாஸ்க் போட்டுக்கொள்ளட்டும். மாத்திரை ஒழுங்காகப் போனால் பரப்பும் சக்தி சீக்கிரமே இறங்கிவிடும்.

அவரை எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாமா என்று யாராவது சொல்லுவார்கள். அந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்னது நம் ஊர்தான். ஒரு காலத்தில் எலும்புருக்கி, அதாவது டிபி, என்றால் தாம்பரம் சானடோரியம் என்ற மருத்துவமனைதான், வண்டி நிற்கிற ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர். 1956ல் சேத்துப்பட்டில் தொடங்கிய மையத்தில், மெட்ராஸின் ஏழைக் குடும்பத்து நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு ஒரே மாதிரி மருந்துகளைக் கொடுத்தார்கள். நெருக்கடியான வீடு, குறைவான சாப்பாடு என்று இருந்தும் வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். இரண்டு பிரிவு நோயாளிகளின் வீட்டாரையும் ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்ததால் வீட்டாருக்கு டிபி கூடவில்லை. ஏனென்றால் பரவ வேண்டியது பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்பே பரவிவிடுகிறது. நீங்கள் இப்போது தேட வேண்டியதும் அந்தப் பழைய இரண்டு மாதத்தில் நடந்ததைத்தான். அதே மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன், இதைச் சத்துணவுப் பேச்சு என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். ஜார்க்கண்டில் நடந்து 2023ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயாளியின் வீட்டாருக்கு அரிசி, பருப்பு, சத்துமாத்திரை என்று கூடுதலாகக் கொடுத்தபோது அவர்களிடையே புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. மாமனாருக்கு அரசு தரும் மாதம் 1000 ரூபாய் அவர் சாப்பாட்டுக்கு, வங்கிக் கணக்கைக் கொடுத்துப் பதிவாகிவிட்டதா என்று பாருங்கள். முட்டை வாங்கினால் அவருக்கு மட்டும் வைக்காமல் எல்லோருக்கும் வையுங்கள்.

இப்போது எல்லாம் சரி என்று வந்தாலும் அடுத்த இரண்டு ஆண்டு கவனம் வேண்டும். யாருக்காவது இருமல் நின்றுபோகாமல் இருந்தால், எடை இறங்கினால், “எங்கள் வீட்டில் டிபி இருந்தது” என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். தெருமுனை கிளினிக்கில் இதைச் சொல்லாமல் மூன்று பாட்டில் டானிக் குடித்துவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர்! சந்தேகத்துக்கு 1800 11 6666 என்ற இலவச எண் இருக்கிறது. மாமனாரின் சளியில் பின்னால் மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்று தெரியவந்தால் குழந்தையின் தடுப்பு மாத்திரையும் மாற வேண்டும், அதை மறக்காமல் கேளுங்கள்.

கடைசியாக அந்த செக்யூரிட்டி அறை. கேட் பக்கத்தில் இருக்கும் அறைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பெஞ்ச், கொசுவர்த்தி, மழை வந்தால் கதவும் சாத்திவிடுவார்கள். இரவு ஷிப்டில் இன்னொருவர் இருந்தால் அவர் உங்கள் மாமியார் அளவுக்கே நெருக்கமான காண்டாக்ட். பெரும்பாலும் ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்தவராக இருப்பார், இருமல் வந்தாலும் லீவு கேட்கத் தயங்குவார். மாமனாருக்கு வேலை போய்விடுமோ என்று நீங்கள் பயப்படுவது புரிகிறது. அசோசியேஷனுக்குச் சொல்ல வேண்டாம், மேனேஜருக்கும் வேண்டாம். கூட வேலை பார்ப்பவரின் பெயரையும் போன் எண்ணையும் உங்கள் வீட்டுக்கு வந்த அந்தப் பெண்ணிடம் கொடுங்கள். யாரிடமிருந்து தொற்றியிருக்கலாம் என்று சொல்லாமலே அவரைக் கூப்பிட்டு எக்ஸ்ரே எடுக்க வைக்க அவர்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் மாமனாரே ஒரு போன் போட்டு “தம்பி, உனக்கு இருமல் இருக்கிறதா?” என்று கேட்டால் இன்னும் நல்லது.